ஏசி ஓடுகிறது, காற்று வருகிறதா? அலுவலகக் கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகக் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கும், அவற்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கட்டடங்களுக்குள் பகல் முழுக்க (பல இடங்களில் இரவு முழுக்கவும்) உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். கேட்கப்போவது ஒன்றுதான். ஒவ்வொரு தளத்திலும் ஆளுக்கு எவ்வளவு வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று அளந்து பாருங்கள். அளந்ததை எங்களுக்கும் காட்டுங்கள். மடலின் மீதியெல்லாம் இதை ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

அலுவலகத்தில் குளிர் அதிகம் என்று புகார் சொன்னால் ஆள் வந்துவிடுகிறார். ரிமோட்டை எடுத்து இரண்டு டிகிரி கூட்டுகிறார். அவர் போன கையோடு எதிர் வரிசையிலிருந்து புழுக்கம் என்று இன்னொரு புகார் போகிறது. சரி, அது தீராத வழக்கு, விடுங்கள். ஆனால் "காற்றோட்டம் இல்லை, மதியத்துக்கு மேல் தலை பாரமாக இருக்கிறது" என்று சொன்னாலும் அதே ஆள் வந்து அதே ரிமோட்டைத்தான் எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்திருக்கும் கருவி அது ஒன்றுதானே!

சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசியும், கூரையில் பதிக்கும் கேசட் ஏசியும் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் திரும்ப விடுகின்றன. வெளியே ஒரு பெட்டி தொங்குகிறதே, அது வழியாக வெளிக்காற்று வரும் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர் உண்டு. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் பெட்டிகளை இணைக்கும் செப்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும்தான். அதில் காற்றுக்கு வழியே கிடையாது. நேற்றுப் பிடித்த தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்தால் அது இன்றைய தண்ணீர் ஆகிவிடாது. இந்த வகை ஏசி மட்டுமே உள்ள, ஜன்னல் திறக்க முடியாத ஒரு தளத்தில், தனியாக ஒரு ஃப்ரெஷ் ஏர் ஃபேன் வைக்கவில்லை என்றால், கதவு திறந்து மூடும்போது நுழைவதும் இடுக்குகளில் கசிந்து வருவதும்தான் அங்கிருக்கும் எல்லாருக்குமான வெளிக்காற்று.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் வெளிவிடுகிறார். திறந்த வெளியில் அந்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 420 பங்கை ஒட்டி இருக்கிறது; இதைத்தான் 420 பி.பி.எம். என்கிறார்கள். நாம் வெளிவிடும் மூச்சிலோ அது கிட்டத்தட்ட 40,000. இப்போது ஒரு மீட்டிங் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். மொத்தம் 54,000 லிட்டர் காற்று. உள்ளே பத்துப் பேர், கதவு மூடியிருக்கிறது, வெளிக்காற்று வரவில்லை. பத்தாவது நிமிடத்தில் கரியமில வாயு 1,000-ஐ நெருங்கிவிடும். அரை மணியில் 2,000-ஐத் தாண்டும். ஒரு மணி நேரம் கழித்து எல்லாரும் எழுந்திருக்கும்போது சுமார் 3,700. கதவிடுக்கில் கொஞ்சம் காற்று கசியும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையலாம், ஆனால் நிலைமை மாறும் அளவுக்குக் குறையாது.

2,000 பி.பி.எம். என்றால் நீங்கள் உள்ளே இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய் வந்தது. முக்கியமான முடிவுகளையெல்லாம் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கென்று தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அறைக்காற்று மிக மோசமாக இருக்கிறது.

இதனால் மூளை மந்தமாகிறதா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பேரை 600, 1,000, 2,500 பி.பி.எம். அளவுகளில் உட்காரவைத்து முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். அளவு கூடக்கூட மதிப்பெண் சரிந்தது. அப்புறம் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 24 பேர் ஆறு நாள் ஓர் ஆய்வு அலுவலகத்தில் வழக்கமான வேலையைச் செய்தார்கள். காற்றைப் பற்றி அவர்களிடம் எதுவும் சொல்லாமல் நாளுக்கு நாள் மாற்றினார்கள். வெளிக்காற்று மிகுதியாக விடப்பட்ட நாட்களில் மதிப்பெண், சாதாரண அலுவலகக் காற்று இருந்த நாளைவிட இரண்டு மடங்கு. எல்லாரும் இந்த ஆய்வுகளைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், விளம்பரங்களிலும் வருகின்றன. எனக்கு இவற்றின்மேல் முழு நம்பிக்கை கிடையாது. ஆட்கள் எண்ணிக்கை சிறியது. டென்மார்க்கில் சுத்தமான கரியமில வாயுவை மட்டும் சிலிண்டரிலிருந்து விட்டு 3,000 வரை ஏற்றிப் பார்த்தபோது பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே அளவு, மனிதர்களின் மூச்சாலும் உடலாலும் சேர்ந்தபோது தலைவலியும் சோர்வும் வந்தன.

எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த டென்மார்க் சோதனைதான். கரியமில வாயுவே குற்றவாளி என்று காட்ட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஒரு அறையில் மனிதர்களிடமிருந்து வரும் மற்றவையும், மேசையிலும் கார்ப்பெட்டிலும் பெயின்டிலும் பிரின்டரிலும் இருந்து வரும் ஆவிகளும் நுண்துகள்களும் வெளியேற வழியில்லாமல் எவ்வளவு சேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஜெர்மனியின் முனிச் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆட்கள் இருக்கும் அறையில் கரியமில வாயு 1,000 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் அங்கே காற்றோட்டம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கோடு. ஏசி வருவதற்கு வெகுகாலம் முன்பே போட்ட கோடு இன்றும் உபயோகத்தில் இருக்கிறது.

இடையில் அதை மறந்த கதையும் ஒன்று உண்டு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலை ஏறியதும், கட்டடங்களைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்து, உலகெங்கும் ஏசி வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் தரவிதி 1981-இல், புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று இறங்கியது. வினாடிக்கு இரண்டரை லிட்டர்கூட வராது. சில ஆண்டுகளிலேயே கண் எரிச்சல், தொண்டை வறட்சி, தலைவலி, சோர்வு என்று அலுவலகம் அலுவலகமாகப் புகார்கள். கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் சரியாகிவிடும், மறுநாள் உள்ளே போனால் திரும்ப வரும். உலகச் சுகாதார நிறுவனமே அந்தப் பத்தாண்டில் இதை நோயுற்ற கட்டட அறிகுறி என்று பேச வேண்டியதாயிற்று. 1989-இல் அதே தரவிதி அலுவலகங்களுக்கான அளவை 20 கன அடிக்கு, அதாவது நாலு மடங்காக, ஏற்றியது.

தாளில் ஏற்றியாகிவிட்டது. கட்டடத்தில் ஏறியதா என்பதுதான் என் கேள்வி.

மத்திய ஏசி உள்ள கட்டடங்களில் வெளிக்காற்று எடுக்க வழி இருக்கும். காற்றை இழுத்துக் குளிரவைத்துத் தளத்துக்கு அனுப்பும் இயந்திரம் (ஏ.எச்.யூ.) இருக்கும் அறையில், வெளிக்காற்று நுழையும் சாய்தகட்டுத் திறப்பாக ஒரு லூவர், அதற்குப் பின்னால் திறந்து மூடும் தடுப்பாக ஒரு டேம்பர். அதைத் திறக்கும் அளவுக்கு வெளிக்காற்று வந்து உள்காற்றோடு கலக்கும். ஆனால் வெளியே வெயிலும் ஈரப்பதமும் உச்சத்தில் இருக்கும் நாளில் அந்தக் காற்றைக் குளிரவைத்து ஈரத்தை இறக்க, குளிரூட்டும் இயந்திரமான சில்லர் திணறும். உள்ளே 24 டிகிரி வரவில்லை என்று போன் மேல் போன் வரும். ஆபரேட்டர் என்ன செய்வார்? டேம்பரை மூடுவார். உள்ளே குளிர்ந்துவிடும், போன் நின்றுவிடும். அவருடைய பார்வையில் பிரச்சினை தீர்ந்தது. கோடை முடிந்து அந்த டேம்பரைத் திறக்கச் சொல்லி யாரும் போன் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் அது மூடியிருப்பது யாருக்கும் தெரியாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஏ.எச்.யூ. அறையே கிடங்காகிவிட்டிருந்தது. வெளிக்காற்று வரவேண்டிய லூவரை மறைத்து அட்டைப்பெட்டிகள், அவற்றின்மேல் கை உடைந்த நாற்காலிகள். கட்டடத்தின் கருவிகளைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கணினித் திரையில் ஃப்ரெஷ் ஏர் பச்சையாகத்தான் இருந்தது. மோட்டார் டேம்பரைத் திறந்துவிட்டது என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். காற்று வந்ததா என்று திரைக்குத் தெரியாது.

இதில் மின் சிக்கனமும் வந்து சேர்ந்துகொள்கிறது. விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது தின்னும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும், இயற்பியல் அப்படி. எந்த மேலாளருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வேகத்தைக் குறைக்கும்போது வெளிக்காற்றும் கூடவே குறைகிறது என்பதற்கு மின்கட்டண ரசீதில் வரி கிடையாது. அப்புறம் ஆட்கள் எண்ணிக்கை. அறுபது பேருக்கென்று வடிவமைத்த தளத்தில் மேசைகளைச் சுருக்கி நூறு பேரை உட்காரவைத்தால், ஏசி டன்னேஜ் போதுமா என்று கேட்கிறீர்கள். ஃப்ரெஷ் ஏர் போதுமா என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டதுண்டா? திறந்த தளத்தின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துப் புது கேபின் கட்டும்போது, காற்று வரும் டிஃப்யூசர் ஒரு பக்கமும் திரும்பிப் போகும் கிரில் இன்னொரு பக்கமும் மாட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

செலவுக்குப் பயந்துதான் இதெல்லாம் என்றால், செலவையே பேசுவோம். அலுவலக இடங்களைக் கையாளும் உங்கள் துறையிலேயே 3, 30, 300 என்றொரு கைக்கணக்கு புழங்குகிறது. ஒரு சதுர அடிக்கு மின்சாரம் போன்றவற்றுக்கு 3 ஆனால், வாடகைக்கு 30, ஆட்களின் சம்பளத்துக்கு 300. துல்லியமான கணக்கு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விகிதம் புரிகிறது. அந்த மூன்றில் ஒரு சிறு பகுதியை மிச்சம் பிடிக்கப்போய் முந்நூறைத் தூங்கவைப்பது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை. வெளிக்காற்றுக்கான மின்செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்ளே வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் ஈ.ஆர்.வி. கருவி, வெளிக்காற்றுக்காகும் சக்தியில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். ஆட்கள் இருக்கும்போது அதிகமாகவும் இல்லாதபோது குறைவாகவும் டேம்பரைத் திறக்கும் ஏற்பாடும் புதியதல்ல. ஆனால் அதற்கு முதலில் சென்சார் வேண்டும்.

இன்னொரு பதில் எனக்குத் தெரியும்: "வெளியே இருக்கும் காற்றே மோசம், அதைப் போய் உள்ளே விடச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. போக்குவரத்து நெரிசலான சாலையை ஒட்டிய கட்டடத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும் நாட்களில் வழி, காற்றை அடைப்பதில்லை. வடிகட்டி உள்ளே விடுவது. ஃபில்டர் துகளை எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பதற்கான அளவுகோல் மெர்வ்; எண் கூடக்கூட நன்றாகப் பிடிக்கும். பல ஏ.எச்.யூ.-க்களில் இன்றும் இருக்கும் மெர்வ் 8 ஃபில்டர் பெரிய தூசியைப் பிடிக்கும், நுண்துகளை ஏறக்குறைய விட்டுவிடும். மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில் குறைந்தது பாதியையும், அதைவிடப் பெரியவற்றில் மிகப் பெரும்பகுதியையும் பிடிக்கும். உங்கள் விசிறி அந்தக் கூடுதல் தடையைத் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டு மாட்டினால் மெர்வ் 13-க்குக் கொடுத்த காசு வீண். காற்று சுலபமான வழியாகத்தான் போகும்.

தொற்று பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், 2020 யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு சியோலில் ஒரு கட்டடத்தின் 11-ஆவது மாடியில் இயங்கிய கால் சென்டரில் 216 பேர் வேலை செய்தார்கள். 94 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானவர்கள் தளத்தின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். நெருக்கமான மேசைகள், நாள் முழுக்கப் பேச்சு, மூடிய இடம் என்று காரணங்கள் பல. காற்றின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் அந்தப் பெருந்தொற்றின் பாடத்தை வைத்துத்தான் ஆஷ்ரே 2023-இல் 241 என்ற புதுத் தரவிதியை வெளியிட்டது. தொற்றுக் காலத்தில் அலுவலகத்தில் ஆளுக்கு வினாடிக்கு 15 லிட்டர் சுத்தமான காற்று வேண்டும் என்கிறது அது. நல்ல விஷயம் என்னவென்றால், முழுவதும் வெளிக்காற்றாக இருக்கவேண்டியதில்லை; நல்ல ஃபில்டர் வழியாக வந்த உள்காற்றையும், அறைக்குள் வைக்கும், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் கருவி சுத்தம் செய்ததையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: ஹெப்பா கருவி துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவையோ பெரும்பாலான ஆவிகளையோ தொடாது. மூலையில் ஒரு ஏர் பியூரிஃபையரை வைத்துவிட்டு டேம்பரை மூடிவைப்பதற்கு இது சாக்கு ஆகாது.

காசு கொடுத்து வாங்கக்கூடாத சிலவும் உண்டு. ஓசோன் விடும் கருவி எதுவும் வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிக்கும். நாற்றத்தை மறைக்க எலுமிச்சை வாசனைத் தெளிப்பானும் வேண்டாம். அதில் உள்ள லிமோனின் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாகும். ஒரு தளம் நாறுகிறது என்றால் நாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் தண்ணீர் நிற்கும் டிரெயின் டிரேயில் இருக்கும், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஈரம் ஊறிய இன்சுலேஷனில். ஏசியின் தண்ணீரை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1968-இல் அமெரிக்காவின் பான்டியாக் நகரில் ஓர் உதாரணம் இருக்கிறது. கோளாறான ஏசி வழியாகப் பரவிய கிருமியால் ஒரே கட்டடத்தில் 144 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். அது லெஜியோனெல்லா என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கட்டடம் என்ன அலுவலகம் தெரியுமா? சுகாதாரத் துறை அலுவலகம்.

சரி, அளப்பது எப்படி? கரியமில வாயு மீட்டர் வாங்கும்போது என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்; அது அகச்சிவப்பு ஒளியை வைத்து அந்த வாயுவையே அளக்கும். மலிவான சில கருவிகள் வேறு ஆவிகளை அளந்துவிட்டு, இவ்வளவு கரியமில வாயு இருக்கலாம் என்று ஊகித்துக் காட்டும். ஒருவர் கையில் சானிட்டைசர் தேய்த்தாலே அதில் எண் எகிறும். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பல சென்சார்கள் சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். இரவில் காலியாகும் அலுவலகத்துக்கு அது சரி. மூன்று ஷிப்டும் ஆட்கள் இருக்கும் தளத்தில் அளவு ஒருபோதும் வெளிக்காற்று நிலைக்கு இறங்காது. சென்சார் 700-ஐப் பார்த்து 400 என்று நினைத்துக்கொள்ளும். அங்கே அந்த வசதியை அணைத்துவிட்டு, அவ்வப்போது வெளியே எடுத்துப்போய்ச் சரிபார்க்க வேண்டும். மாட்டும் இடம் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரம். கதவருகே வேண்டாம், டிஃப்யூசருக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

முதலில் மீட்டிங் ரூம்களிலும், ஆட்கள் நெருக்கமாக உட்காரும் வரிசைகளிலும் வையுங்கள். கூட்டமான ஒரு நாளின் மாலை நேர எண்ணைப் பாருங்கள். 800-க்குள் இருந்தால் உங்கள் பராமரிப்புக் குழுவுக்கு நன்றி. 1,000-ஐத் தாண்டினால் டேம்பரையும் ஃபில்டரையும் லூவரையும் ஒருவர் நேரில் போய், பி.எம்.எஸ். திரையை நம்பாமல், கண்ணால் பார்த்துவரட்டும். 1,500-க்கு மேல் நின்றால், அந்த இடத்தில் ஆட்களைக் குறைப்பதா காற்றைக் கூட்டுவதா என்று நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். அது டெக்னீஷியனின் வேலையில்லை. அவருக்கு அதிகாரமும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஒப்பந்தத்தில் பார்க்கிங் இடத்தையும் பேக்கப் ஜெனரேட்டரையும் வரிக்கு வரி எழுதி வாங்குகிறீர்கள். ஆளுக்கு இத்தனை லிட்டர் வெளிக்காற்று என்ற வரியையும், ஆண்டுக்கு ஒருமுறை அளந்து காட்டவேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஊழியரை முணுமுணுப்புக்காரர் என்று ஒதுக்காதீர்கள். யார், எந்த மேசை, எத்தனை மணிக்கு, வெளியே போனால் சரியாகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், எந்த டிஃப்யூசருக்குக் கீழே கோளாறு என்று பல நேரம் அந்தத் தாளே காட்டிவிடும்.

அளந்த எண்ணை லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் திரையில் போடுங்கள். நிறுவனத்தின் சாதனைகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும் ஓடும் அதே திரைதான், கொஞ்சம் இடம் இருக்கும். எண் மோசமாக இருந்தால் மோசமாகவே போடுங்கள், கூடவே எப்போது சரிசெய்வீர்கள் என்ற தேதியையும். அந்தத் தேதி வரைக்கும் மீட்டிங் ரூம் கதவை நாங்களே திறந்துவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒருவன்